வைத்தியம் இருக்கிறது, வழி சொல்ல யார்?

வாய்ப் புற்றுக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் கதிர்வீச்சு கொடுப்பது வழக்கம். முதல் இரண்டு வாரம் பெரிதாக எதுவும் தெரியாது. மூன்றாவது வாரவாக்கில் வாய் முழுக்கப் புண்ணாகும், எச்சில் விழுங்கினாலே உயிர் போகும், கழுத்துத் தோல் கறுத்து உரியத் தொடங்கும். இப்படி வரும் என்று முன்கூட்டியே தெரியாத குடும்பம், ‘கரண்ட் வைத்து உடம்பைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று முடிவுகட்டி ஊருக்குத் திரும்பிவிடுகிறது. புண் ஆறட்டும், அப்புறம் போகலாம் என்று இரண்டு வாரம் தள்ளிப்போடுகிறது. அந்த இரண்டு வாரத்தில் புண் ஆறும். கூடவே, மிச்சமிருக்கும் புற்று அணுக்களும் பெருகும். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளில் இப்படி விடுபடும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுக்குள் வரும் வாய்ப்பு ஒரு விழுக்காடு அல்லது அதற்குச் சற்று மேல் குறைகிறது என்பது கதிர்வீச்சு மருத்துவத்தில் பல ஆய்வுகள் சொல்லும் கணக்கு. இரண்டு வாரம் என்றால் எவ்வளவு என்று நாமே பெருக்கிக்கொள்ளலாம். இயந்திரம் இருந்தது, மருத்துவர் இருந்தார், பல இடங்களில் காப்பீடும் இருந்தது. ‘மூணாவது வாரம் வாய் வெந்துபோன மாதிரி இருக்கும். பயப்படாதீங்க, நிறுத்தாதீங்க. கஞ்சியா குடிங்க, வலிக்கு இந்த மாத்திரை. அதுவும் முடியலைன்னா கொஞ்ச நாளைக்கு மூக்கு வழியா குழாய் போட்டுக்கலாம்’ என்று முதல் நாளே சொல்லிவைக்க ஓர் ஆள் மட்டும் இல்லை.

புற்றுநோய் வந்தவருக்கும் அவரோடு இருப்பவருக்கும் விவரம் சொல்வதை, துணை நிற்பதை நாம் ஒரு புண்ணிய காரியமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். நேரம் கிடைத்தால் நர்ஸ் செய்வார், மனமிருந்தால் டாக்டர் செய்வார், தொண்டு நிறுவனம் ஏதாவது வந்தால் அது செய்யும். மேலே பார்த்த கணக்கு இந்தப் பார்வையைத் திருத்திக்கொள்ளச் சொல்கிறது. கதிர்வீச்சின் அளவைப் போல, மருந்தின் மில்லிகிராமைப் போல, தகவலும் துணையும் சிகிச்சையின் கூறுகள். அளந்து, உரிய நாளில், உரிய ஆளிடம் சேர்க்கப்பட வேண்டியவை. அதனால் அந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்குகிற, நோயாளியின் பெயரும் ஊரும் குடும்ப நிலையும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு புற்றுநோய் மருத்துவமனையிலும் இருந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் வைத்தியத்துக்கே வழியில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1969 முதல் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இயங்கும் அண்ணா பெயரிலான அரசு மருத்துவமனை, மாவட்டங்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகள் என்று இடங்கள் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. புற்றுநோய்க்கான அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் அதில் உண்டு. சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் சலுகை. கூடப் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு சலுகை. இதையே நோயாளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். சதை எடுத்துச் சோதித்த முடிவு ஓரிடத்தில், ஸ்கேன் இன்னோர் இடத்தில். காப்பீட்டு அட்டை இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று, பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மையம். சிகிச்சை தொடங்கக் காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி. ரயில் சலுகைக்குத் தனிப் படிவம், அதில் மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும். ஒவ்வொரு கவுண்டரிலும் இருப்பவருக்கு அந்தக் கவுண்டர் வேலை தெரியும். இங்கே முடிந்ததும் எங்கே போக வேண்டும், அங்கே எதைக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்வது மட்டும் யாருடைய வேலையும் இல்லை. அன்றாடம் கூலிக்குப் போகிற குடும்பம் ஒரு ஜெராக்ஸ் குறைந்ததற்காக ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் இழக்கும்போது, மூன்றாவது முறை திரும்பி வராமல் போவதில் வியப்பில்லை.

காகிதங்களைத் தாண்டினால் உடம்பைப் பற்றிய தகவல் இருக்கிறது. அது தேவைப்படும் நேரம் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வெளியே, இரவில் வருகிறது. கீமோ போட்ட ஒன்று, இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறையும். அந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்பது மற்றவர்களுக்கு வருகிற காய்ச்சலைப் போன்றதல்ல. உடனே ரத்தப் பரிசோதனை செய்து, ஊசி வழியாக ஆன்டிபயாடிக் தொடங்கவில்லையென்றால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் என்ன நடக்கிறது? ஒரு பாராசிட்டமால் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். அவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். எந்தக் காய்ச்சலுக்கும் அப்படித்தான் செய்து பழக்கம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்க வேண்டும், இந்த எண்ணைத் தாண்டினால் நடுராத்திரி என்றாலும் கிளம்ப வேண்டும், போன இடத்தில் முதல் வார்த்தையாகக் ‘கீமோ போட்டவருக்குக் காய்ச்சல்’ என்று சொல்ல வேண்டும். இந்த மூன்று செய்தியையும் கூட இருப்பவரிடம் நேரில் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

அந்த ஐந்து நிமிடத்தை யாரும் தராத இடத்தில் உறவினர்களும் வாட்ஸ்அப்பும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பேச்சு எத்தனையோ பேரைச் சதைப் பரிசோதனைக்கே போகவிடாமல் நிறுத்தியிருக்கிறது. எந்த வகைப் புற்று என்று தெரியாமல் எந்த மருந்தும் கொடுக்க முடியாது. பரிசோதனைக்கு அஞ்சித் தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் உண்மையில் பரவுகிறது. அடுத்தது பத்தியம். முட்டை கூடாது, கறி கூடாது, பால் கூடாது, இனிப்பைத் தொடவே கூடாது என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல். சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து சாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சரியாகச் சாப்பிடாமல் எடை இறங்கி, அடுத்த தவணையைத் தாங்க உடம்பு தயாராக இல்லை என்று மருத்துவர் தள்ளிவைப்பதுதான் கண்கூடாக நடப்பது. இந்தத் தவறான பேச்சுகளைத் துண்டுப் பிரசுரம் அடித்து ஒழித்துவிட முடியாது. சித்தப்பா சொன்னதை மறுக்க, சித்தப்பா அளவுக்கு நம்பிக்கைக்குரிய இன்னொரு குரல் வேண்டும்.

இப்படி ஒரு குரலை மருத்துவமனையே அமர்த்திய முன்மாதிரி நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருக்கிறது. கறுப்பின ஏழை மக்கள் நிறைந்த அந்தப் பகுதியின் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஹரால்ட் ஃப்ரீமன், 1986 வரையிலான 22 ஆண்டுகளில் அங்கே மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 606 பேரின் ஆவணங்களை ஆராய்ந்தார். ஏறத்தாழப் பாதிப் பேர் நோய் முற்றிய பிறகே வந்திருந்தார்கள். ஐந்து ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் 39 விழுக்காடுதான். 1990-இல் அவர் ஒரு புதுப் பதவியை உருவாக்கினார். அதில் அமர்ந்தவர்கள் நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் நடுவே நிற்கும் வழிகாட்டிகள். சந்தேகக் கட்டி என்று தெரிந்த நாள் முதல், சோதனைக்கு நாள் குறிப்பது, காப்பீட்டுப் படிவம் நிரப்புவது, பயத்தைப் பேசித் தீர்ப்பது, வராதவரைத் தேடிப் பிடிப்பது என்று எல்லாம் அவர்கள் பொறுப்பு. 1995 முதல் 2000 வரை அதே மருத்துவமனைக்கு வந்த 325 பேரைப் பார்த்தபோது, முற்றிய நிலையில் வந்தவர்கள் ஐந்தில் ஒருவராகக் குறைந்திருந்தார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 70 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அமெரிக்கா 2005-இல் இதற்கென்று ஒரு சட்டமே கொண்டுவந்தது. 2024 முதல் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், வழிகாட்டும் பணிக்கும் தனியாகக் கட்டணம் தருகிறது.

இந்த உயர்வு முழுவதும் வழிகாட்டிகளால் வந்ததா என்று கேட்டால், இல்லை. ஹார்லெமில் இலவச மார்பகப் பரிசோதனையும் கிடைத்தது, அதே காலத்தில் மருந்துகளும் மேம்பட்டன. இது முன்னும் பின்னும் பார்த்த ஒப்பீடு, குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துப் பார்த்த சோதனை அல்ல. ஆனால் அப்படிப்பட்ட சோதனைகளும் பக்கத்துத் துறைகளில் நடந்திருக்கின்றன. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் பரவிய புற்றுக்குக் கீமோ பெற்ற 766 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் வாந்தி, வலி, மூச்சிரைப்பு போன்ற 12 தொந்தரவுகளைக் கணினி வழியே அவ்வப்போது தெரிவிக்கச் சொன்னார்கள். கடுமையாக இருந்தால் உடனே நர்ஸுக்குச் செய்தி போகும். 2017-இல் முடிவு வெளியானபோது அந்தப் பிரிவின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களுக்கு 26 மாதம். 2010-இல் பாஸ்டனில் வெளியான இன்னொரு சோதனை: பரவிய நுரையீரல் புற்று உள்ளவர்களுக்கு ஆரம்பத்திலேயே வலி நிவாரண, ஆதரவு மருத்துவக் குழுவின் துணை கிடைத்தபோது இடைநிலை ஆயுள் 11.6 மாதம், கிடைக்காதபோது 8.9 மாதம். மனச்சோர்வும் குறைந்தது. இரண்டிலும் புதிய புற்றுநோய் மருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை. தொந்தரவை யாரோ காதுகொடுத்துக் கேட்டு, உடனே ஏதாவது செய்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

நம் நாட்டிலும் சான்று உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 2009-ஐ ஒட்டிய காலத்தில் புற்றுநோய்க்கு வந்த குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தையின் சிகிச்சை பாதியில் கைவிடப்பட்டது. தங்க இடம், சாப்பாடு, பண உதவி, சமூகப் பணியாளரின் ஆலோசனை, குறித்த நாளில் வராத குடும்பத்துக்குத் தொலைபேசி அழைப்பு ஆகியவற்றை ஒரே குழுவின் பொறுப்பாக்கிய பிறகு, சில ஆண்டுகளில் அது இருபதில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. அடுத்த கட்டமாக டாடா நினைவு மையம், டாடா சமூக அறிவியல் நிறுவனத்துடன் சேர்ந்து நோயாளி வழிகாட்டிகளுக்கான பட்டயப் படிப்பை 2019-இல் தொடங்கியது. இராமனைக் கங்கை கடத்திய படகோட்டியின் நினைவாக ‘கேவட்’ என்று பெயர் வைத்தார்கள். வேலைக்கென்று ஒரு படிப்பும் ஒரு பதவியும் உருவாகிவிட்டன என்பதே இதில் கவனிக்க வேண்டியது. அடையாறு நிலையத்தில் நோயாளிகளின் மனநலத்துக்கென்று தனித் துறை இயங்குவதும் இதே திசையில்தான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை சில உண்டு. முதலாவது, நம் ஊரில் குடும்பம் இருக்கிறது, வெளி ஆள் எதற்கு என்பது. குடும்பம் இருப்பது பெரிய பலம்தான். ஆனால் அன்பு வேறு, விவரம் வேறு. நம் குடும்பங்களில் ஃபைல் மகன் கையில் இருக்கும். நோயாளிக்கு ‘வயித்துல புண்ணு’ என்று சொல்லப்பட்டிருக்கும். மறைப்பது அன்பினால்தான். ஆனால் தனக்கு என்ன என்று தெரியாதவர், ஒரு புண்ணுக்கு ஏன் முடி கொட்ட வேண்டும் என்று கேட்டு நடுவில் எழுந்து போய்விடுகிறார்; பலர் எல்லாம் தெரிந்தும் பிள்ளைகளுக்காகத் தெரியாத மாதிரி இருக்கிறார்கள். மறைப்பதுதான் நம் பண்பாடு என்பதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 1961-இல் சிகாகோ மருத்துவர்களிடம் கேட்டபோது பத்தில் ஒன்பது பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை. 1979-இல் அமெரிக்காவில் மறுபடி கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்வோம் என்றார்கள். சிகிச்சை மேம்பட, சொல்லும் முறையும் கற்றுக்கொள்ளப்பட, மனம் மாறியது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டத் தேவையில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று நோயாளியையே கேட்டு, அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லலாம். மகனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கப் பழகிய ஆள் தேவைப்படுகிறார்.

இரண்டாவது, இதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியது என்பது. ஐயமில்லை, நோய் என்ன, சிகிச்சை என்ன என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் உலகப் புற்றுநோய்ப் பதிவுகளின் மதிப்பீட்டில் 2022-இல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர். புறநோயாளி வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். ‘புற்று’ என்ற சொல் காதில் விழுந்த பிறகு அந்த நிமிடங்களில் சொல்லப்பட்ட மற்றதெல்லாம் பெரும்பாலும் மனதில் தங்குவதில்லை. அறையை விட்டு வெளியே வந்த பிறகு, அதே செய்தியை வீட்டுத் தமிழில் இன்னொரு முறை சொல்ல ஒருவர் இருந்தால் மருத்துவரின் நேரமும் வீணாகாது.

மூன்றாவதுதான் கனமான ஆட்சேபம். ஆஸ்பத்திரியில் வழிகாட்டுகிறேன் என்று வருபவர் புரோக்கராக மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்கும் பழக்கத்தை அறிந்த மக்கள் இதைக் கேட்பது நியாயம். தனியார் பக்கம் வேறு வகை ஆபத்து. வழிகாட்டி என்ற பெயரில் தங்கள் மருத்துவமனைக்கே ஆள் பிடிக்கும் விற்பனையாளராக அவர் ஆகிவிடலாம். இந்த ஆபத்துக்கு அஞ்சி வேலையையே வேண்டாம் என்பதைவிட, வேலையின் இலக்கணத்தைச் சரியாக வகுப்பது மேல். மாதச் சம்பளம், கமிஷன் கிடையாது. எத்தனை பேரை உள்ளே கொண்டுவந்தார் என்பது கணக்கல்ல. பொறுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள், நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்பதே கணக்கு. இப்போது கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்கள் பிழைப்பதே, முறையாக வழி சொல்ல யாரும் இல்லாத வெற்றிடத்தில்தான்.

பணம் எங்கே என்பது கடைசிக் கேள்வி. கருப்பை வாய்ப் புற்றுக்கு வெளிக் கதிர்வீச்சும் உள் கதிர்வீச்சும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. அரசு காப்பீட்டில் ஐந்து வாரத்துக்குப் பணம் கட்டிய பிறகு, ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சிகிச்சையில் இருக்கும் பெண் போய்விட்டால், செலவழித்த தொகையின் பலன் பெருமளவு போய்விடும். நோய் திரும்பி வரும்போது செலவு இன்னும் கூடும். ஆகவே காப்பீட்டுத் தொகுப்பிலேயே கீமோவுக்கு ஒரு தொகை, கதிர்வீச்சுக்கு ஒரு தொகை என்று இருப்பது போல வழிகாட்டும் பணிக்கும் ஒரு தொகை வைக்கலாம். இது சிகிச்சைப் பணத்தில் கைவைப்பது ஆகாது, அந்தப் பணம் வீணாகாமல் காப்பதே ஆகும்.

கூட இருப்பவரைப் பற்றியும் இதே கண்ணோட்டத்தில் பேச வேண்டும். மருத்துவமனைக் கணக்கில் அவர் ‘அட்டெண்டர்’, கையில் ஒரு பாஸ், வராந்தாவில் ஒரு பாய். பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, குழாய் வழியாக உணவு கொடுப்பது, மாத்திரை நேரம் பார்ப்பது, இரவில் புரட்டிப் படுக்கவைப்பது என்று நர்ஸ் செய்யும் வேலையில் பாதியைப் பயிற்சியே இல்லாமல் செய்கிறார். அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஒரு சோதனையில், முற்றிய புற்றுநோயாளிகளைக் கவனிக்கும் 122 பேரில் ஒரு பிரிவினருக்கு ஆதரவு மருத்துவ நர்ஸ்கள் ஆரம்பத்திலேயே தொலைபேசியில் மூன்று முறை வழிகாட்டினார்கள். மூன்று மாதம் தாமதமாக உதவி பெற்றவர்களைவிட அவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. மூன்று தொலைபேசி அழைப்பு எந்த அரசுக்கும் கட்டுப்படியாகாத செலவல்ல. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், அக்கம்பக்கத்துத் தொண்டர்களையே பயிற்றி வீடுவீடாக அனுப்பியது. 2008-இல் அந்த மாநில அரசு இதைத் தன் கொள்கையாக்கியது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ படுக்கையில் கிடப்போருக்கு வீட்டிலேயே ஆதரவு சிகிச்சை தருகிறது. மருத்துவமனை வழிகாட்டியையும் இந்த ஊர்ப் பணியாளரையும் ஒரு தொலைபேசித் தொடர்பில் இணைத்தால், பஸ் ஏறி ஊருக்குப் போன நோயாளி பார்வையிலிருந்து மறையமாட்டார்.

இது நடக்கும் வரை குடும்பங்கள் செய்துகொள்ளக்கூடியதும் கொஞ்சம் உண்டு. வழிகாட்டி இல்லாத இடத்தில் வீட்டில் ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். எல்லா ரிப்போர்ட்டும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில், கேள்விகள் ஒரு நோட்டில். என்ன வகைப் புற்று, எந்த நிலை, இந்தச் சிகிச்சை குணப்படுத்தவா கட்டுப்படுத்தவா, எத்தனை நாள், என்ன தொந்தரவு வரும், எது வந்தால் இரவிலேயே வர வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பவை கேட்காமல் எழுந்து வரக்கூடாத கேள்விகள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனையும், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனையும் இலவசம். பின்னது கூட இருப்பவருக்கும்தான். இவை தற்காலிக ஏற்பாடுகள். எழுதப் படிக்கத் தெரிந்த, சென்னையில் சொந்தம் உள்ள குடும்பத்துக்கு இவை கைகொடுக்கும். அது இல்லாத குடும்பத்துக்குத்தான் வழிகாட்டி முதலில் தேவை. ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் தொடங்க ஓர் எளிய இடம் இருக்கிறது. இந்த ஆண்டு எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கினோம் என்று அறிக்கை தரும் ஒவ்வொரு மருத்துவமனையும், அவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று உத்தரவிடட்டும். அந்த இரண்டாவது எண்ணை வெளியிட வேண்டிய கட்டாயம் வந்துவிட்டால், வழி சொல்ல ஆளை அமர்த்துவதற்கு எந்த நிர்வாகத்தையும் யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது.